ஓரெஸ்ட்டின் செல்ல பேட்டரி

கனடாவின் சஸ்காட்டூனில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஓரெஸ்ட். பனிக்காலத்தில் கோடையில் உள்ளேயே தங்கி ஊர் சுற்றும் தன் வேனை மூடிப் போட்டுவிட்டு, பேட்டரியை மட்டும் கழற்றி கார் ஷெட்டுக்குள் வைத்துப் போர்த்திவிடுவார். தினமும் அதன் சார்ஜை அளப்பார். மனைவி டாரியாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அதைக்கூட அவர் இப்படி அளந்ததில்லை.

இங்கே வெளியே நிற்கும் காருக்கு எஞ்சின் உறையாமலிருக்க, அதைச் சூடாக வைக்கும் மின்சார வயரை இரவெல்லாம் பிளக்கில் செருகிவைக்க வேண்டும். ஜனவரியில் ஒருநாள் காலை டாரியாவின் கார் முனகக்கூட இல்லை.

"என் கார் வயரை யாரு புடுங்கினது?"

"பேட்டரிக்கு சார்ஜ் கம்மியா இருந்துச்சும்மா. ஷெட்ல ஒரு பிளக்குதானே இருக்கு."

"அது ஜூன்லதான் ஊர் சுத்தப் போகுது. நான் இப்ப வேலைக்குப் போகணும்."

ஓரெஸ்ட் பேட்டரியைக் கைக்குழந்தைபோல் தூக்கிவந்து காருக்கு இணைப்புக் கொடுத்தார். கார் கிளம்பிப் போனது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. குனிந்து சார்ஜை அளந்துகொண்டிருந்தார்.

"பாவம், ஒரே நாள்ல இளைச்சுப்போச்சு" என்றார் என்னிடம்.