ரிவஸ்டன் போகும் வழியில் ஒரு சிவப்புக் கயிறு

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெற்றோலியப் பொருட்கள் பாடத்தை ஒன்பது வருடமாக நடத்துகிறேன். நிலத்தடியிலிருந்து எடுக்கும் மசகு எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் வரிசையாக என்னென்ன கிடைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். போன ஓகஸ்ட் விடுமுறையில், அவற்றையெல்லாம் வழியில் படம் பிடித்து வகுப்பில் காட்டலாம், அப்படியே ரிவஸ்டன் மலையையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைப்பு.

காலை 6.10க்கு மாத்தளையில் பஸ் ஏறினேன். இரத்தோட்டைக்கு நாற்பது நிமிடம், கட்டணம் எழுபது ரூபாய். அங்கிருந்து ரிவஸ்டன் ஏறத்தாழ பதினெட்டு கிலோமீற்றர். செல்வம் என்ற தம்பியின் ஆட்டோவைப் போய்வர ஆறாயிரத்து ஐந்நூறுக்குப் பேசினேன். கொஞ்சம் கூடத்தான், ஆனால் எங்கே நிறுத்தச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துகிற ஆள்.

முதலில் எண்ணெய் நிரப்பப் பெற்றோல் செட்டுக்குப் போனோம். செல்வம் என்ஜின் ஒயில் வந்த பழைய கேன்கள் இரண்டைக் கொண்டுவந்திருந்தார். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே அளவு. ஒன்றில் பெற்றோல், மற்றதில் மண்ணெண்ணெய். பெற்றோல் கேனின் கழுத்தில் சிவப்பு நைலோன் கயிறு ஒன்றைக் கட்டினார்.

"மேல போனா செட் இல்லீங்க சேர். பெற்றோல் நம்ம வண்டிக்கு, மண்ணெண்ணெய் அக்கா வீட்டு அடுப்புக்கு. செவப்புக் கயிறு இருந்தா பெற்றோல். எங்க தோட்டத்து லயத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

நல்ல ஏற்பாடுதான் என்று கேன்களையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பின் இருக்கையில் எனக்குப் பக்கத்திலேயே இரண்டும் வந்தன. வண்டி முழுக்க எண்ணெய் நாற்றம்.

எட்டரைக்கு ஒரு வளைவில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்றார்கள். செல்வம் இறங்கி வேலையாட்களோடு பேசப் போனார். பாதையோர ஓடையைப் படம் எடுக்க நான் புல்லில் இறங்கினேன். இரண்டே நிமிடத்தில் காலில் மூன்று அட்டைகள்! ஓடிவந்து வண்டியில் ஏறி, காற்சட்டையின் அடியை இறுக்கிக் கட்டத் தேடினேன். ஒரு காலுக்குக் கைக்குட்டை கிடைத்தது. மற்றக் காலுக்கு, பக்கத்தில் இருந்த கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். அட்டையைத் தவிர வேறெதுவும் அப்போது என் மண்டையில் இல்லை.

ஒன்பதே காலுக்கு அக்கா வீடு. பவானி அக்கா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். இரண்டு நாளாகத் தடிமன், மூக்கு அடைத்து வேலைக்குப் போகவில்லையாம். செல்வம் பின்னால் கைவிட்டு, முதலில் கைக்கு வந்த கேனில் கயிறு இல்லை என்று கண்டு அதையே எடுத்துக் கொடுத்தார்.

"உள்ள வாங்க, ஒரு நிமிசத்துல தேத்தண்ணி வைக்கிறேன்" என்றார் அக்கா.

பத்து மணிக்கு மேல் மலையை மூடுபனி மறைத்துவிடும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். "வேண்டாம் அக்கா, நேரமாகிறது" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

நான்கு கிலோமீற்றர் போனதும் ஒரு திருப்பத்தில் இறங்கிக் காலை நீட்டினேன். செல்வம் என் கணுக்காலையே பார்த்தார்.

"சேர்... அந்தக் கயிறு எங்க எடுத்தீங்க?"

அவர் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மிச்சமிருந்த கேனைத் திறந்து மோந்தார். மண்ணெண்ணெய். அக்காவுக்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை. வண்டியைத் திருப்பினார். ஒரு பொறி பட்டால் பெற்றோல் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பிடிக்கும், மண்ணெண்ணெய் அப்படியல்ல. இதைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! செல்வம் வளைவுகளில்கூட வேகத்தைக் குறைக்கவில்லை.

நாங்கள் ஓடி நுழைந்தபோது அக்கா அடுப்பங்கரையில் நின்றார். அடுப்பில் எண்ணெய் ஊற்றியாகிவிட்டது, தண்ணீர்க் கேத்தலும் ஏற்றியாகிவிட்டது. எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்குத் தெரியும், தேத்தண்ணி குடிக்காம போக மனசு வராதுன்னு. இருங்க, இப்பதான் பத்த வைக்கப் போறேன்" என்று தீப்பெட்டியைத் திறந்தார்.

செல்வம் பாய்ந்து அதைப் பிடுங்கினார். நான் விசயத்தைச் சொன்னதும் அக்கா அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"மூக்கு அடைச்சிருக்கு தம்பி, வாசமே தெரியல" என்றார். பிறகு பக்கத்து வீட்டு விறகடுப்பில் தேத்தண்ணி வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு கோப்பை குடித்தேன்.

ரிவஸ்டனை அடைந்தபோது பதினொன்றரை. பனியில் எதுவும் தெரியவில்லை. மனம் முழுக்க அந்த அடுப்பங்கரையில் இருந்ததால் அது பெரிதாகவும் படவில்லை.

போகிறவர்களுக்கு: இரத்தோட்டையில் ஏழு மணிக்கு முன் வண்டி பிடியுங்கள். மேலே கடை குறைவு, சாப்பாடும் மழைச்சட்டையும் கையில் இருக்கட்டும். வீட்டுக்குக் கூப்பிட்டால் தேத்தண்ணி குடித்துவிட்டே போங்கள். அட்டைக்குக் காலில் கட்டக் கயிறு வேண்டும். அதை உங்கள் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.