நான் போடாத முட்டை

கணினி மொழிகளோடு இருபது வருடம் குப்பை கொட்டியவன் என்ற திமிரில், மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் தண்ணீர் நோட்டை ஒழித்துக்கட்டினேன். லாரித் தண்ணீரில் எந்த வீட்டுக்கு எத்தனை டேங்க் என்று வாட்ச்மேன் அதில் பென்சிலால் கிறுக்குவார். பார்க்கவே கேவலமாக இருக்கும்.

அதற்குப் பதில் ஜாவா மொழியில் ஒரு அரே, அதாவது எண்களைப் போட்டுவைக்கும் பெட்டி வரிசை. இருபத்து நான்கு வீட்டுக்கு இருபத்து நான்கு பெட்டிகள், ஒரே வரியில் தயார். வீட்டுக்காரர் போனில் அனுப்பும் எண் அவரவர் பெட்டியில் போய் விழும். காலையில் பட்டியலைப் பார்த்து வாட்ச்மேன் வால்வைத் திறக்க வேண்டியதுதான். சங்கக் கூட்டத்தில் கைதட்டினார்கள். பாதிப் பேர் என்னைப்போல ஓ.எம்.ஆர். ரோட்டு ஐ.டி. ஆசாமிகள், எதற்கும் தட்டுவார்கள்.

முதல் ஞாயிறே மூன்றாம் மாடி பாய் வீட்டில் பெண்ணுக்கு நிச்சயம். பதினொரு மணிக்குக் குழாயில் வெறும் காற்று. பாய் இறங்கி வந்தார்.

"சார், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பல்லாவரம் தாண்டிட்டாங்க. கை கழுவவாவது தண்ணி வேணும்."

வேலை மும்முரத்தில் அவர் எண் அனுப்பவில்லை. பட்டியலில் அவருக்கு நேரே பூஜ்யம். நாம் எதுவும் போடாவிட்டால் ஜாவா எல்லாப் பெட்டியிலும் பூஜ்யத்தை வைத்துவிடும், அவ்வளவு மரியாதை. பழைய சி மொழியென்றால் உள்ளே ஏற்கெனவே கிடந்த ஏதோ குப்பை எண்ணைக் காட்டியிருக்கும். ஒரு வீட்டுக்கு முப்பதாயிரம் டேங்க் என்றால் எந்த மடையனுக்கும் சந்தேகம் வரும். பூஜ்யமோ யோக்கியன் முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

"நோட்டுல காலியா இருந்தா மேல போய் கேட்டுகினு வருவேன் சார்," என்றார் வாட்ச்மேன். "நீங்க முட்டை போட்டு குட்த்தீங்க. தனியா லாரி சொல்லிக்கினாங்க போலன்னு வுட்டேன்."

கீழ்த்தொட்டி காலி. அடுத்த லாரி மாலையில்தான். எனக்கு நானே நான்கு டேங்க் போட்டுக்கொண்டிருந்ததால் என் வீட்டில் மட்டும் தாராளம். நானும் வாட்ச்மேனும் மூன்று மாடி பக்கெட் சுமந்தோம். மாப்பிள்ளையின் மாமா என்னைப் பார்த்து, "அண்ணா, பந்திப் பக்கம் ரெண்டு பக்கெட் வைங்க," என்றார். வைத்தேன். பல வருடங்களில் நான் செய்த முதல் உருப்படியான வேலை.

மாலையில் எல்லாப் பெட்டியிலும் தொடக்கத்திலேயே மைனஸ் ஒன்றை வைத்துப் பட்டியலைக் கொடுத்தேன்.

"மைனஸ் ஒன்னுன்னா இன்னா சார்?"

"அவங்க இன்னும் சொல்லலைன்னு அர்த்தம். மேல போய் கேக்கணும்."

"அத்தத்தான சார் நான் பண்ணிகினு இருந்தேன்," என்றபடி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு படியேறினார்.