முருகன் படத்துக் கண்ணாடி

ஐம்பதுகளில் இலங்கையில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவரில் வெடிப்பு விழுந்தது. கூரையடியில் தொடங்கி, குழந்தைக்குத் தொட்டில் கட்டிய மூலைவரை இறங்கி வந்துவிட்டது.

எனக்கோ எதையும் அளந்து பார்க்கிற கிறுக்கு. ஆடியில் ஒரு தீக்குச்சி நுழைந்த வெடிப்பில் ஐப்பசியில் மூன்று நுழைந்தன. வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் போய்ச் சொன்னேன். தீக்குச்சிக் கணக்கை நம்புகிற மனிதரா அவர்? வந்து, வெடிப்பின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டை வைத்து இரு முனையிலும் சாந்து பூசினார். சுவர் நகர்ந்தால் இது உடையும், உடைந்தால் வேறு காம்பரா, இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இரு, தை பிறந்ததும் பார்க்கிறேன் என்றார்.

அன்றிலிருந்து காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்குக் கிளம்புமுன் சாமியைக் கும்பிட்டேனோ இல்லையோ, கண்ணாடியைக் கும்பிட்டேன். உடைந்து தொலை என்றுதான். பயம், வேறென்ன? தொட்டிலை இழுத்துக் கட்ட அந்தக் காம்பராவில் வேறு இடமில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் வேலை முடிந்ததும் கண்டாக்கையா என்னோடு லயத்துக்கு வந்தார். காலையில் பார்த்தது போலவே கண்ணாடி முழுசாக இருந்தது. இனி வேறு காம்பரா கிடைக்காது என்று நான் திரும்பிவிட்டேன். அவர் மட்டும் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"என்னப்பா, கண்ணாடி வளந்திருக்கு?"

தொட்டதும் கையோடு வந்துவிட்டது. ஒட்டியிருந்தது சோற்றுப் பருக்கை. எதிர்ச் சுவரில் உள்ளங்கை அளவு முருகன் படம் கண்ணாடி இல்லாமல் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. கண்டாக்கையா விழுந்து விழுந்து சிரித்தார்.

பிள்ளை பெற்று வீட்டிலிருந்த என் மனைவி, மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே அவர் ஒட்டிய கண்ணாடி, சாந்தோடு, இரண்டு துண்டாக. மத்தியானம் தானாகவே உடைந்ததாம். இதை ஏன் மறைத்தாய் என்று கேட்டார்.

"தோட்டத்துல எது ஒடஞ்சாலும் நாங்கதான் ஒடச்சோம்னு சொல்லுவீங்க. அதாங்கையா பயந்துட்டேன்."

அவர் சிரிப்பு நின்றது. அவள் பிள்ளை பெறுமுன், தேயிலைக் கூடை ஒன்று கிழிந்ததற்கு அவளை அப்படித்தான் ஏசியிருந்தார்.

நாளைக்கே மேல் லயத்துக்குச் சாமான்களை மாற்றச் சொன்னார். பிறகு பருக்கை ஒட்டியிருந்த கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்து, முருகன் படத்தில் அவரே பொருத்திவிட்டுப் போனார்.