கூடைக்குப் பின்னாலை

"குர்வனோடு போகிறாள்" என்று தாதி நோர்வேஜிய மொழியில் சொன்னதும் சிரித்துவிட்டேன். போன கிழமை மகளின் நிறை ஏறவில்லை. அன்றிலிருந்து அதுவரை எனக்குச் சிரிப்பே வரவில்லை.

எனக்கு ஏழு வயதில், ரொம்மனில் இதே குழந்தைகள் சுகாதார நிலையத்தில், அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். அறையெல்லாம் ஈரக் கம்பளி மணக்கும். குளிர்ந்த தராசில் தம்பி வீரிட்டான். "உனக்குப் பால் காணாது, பிள்ளைக்குப் போதாது" என்று சொந்தக்காரர் சொல்லிச் சொல்லி வாங்கவைத்த பால்மாப் பேணி ஒன்று அம்மாவின் பையில் திறக்காமல் கிடந்தது.

"என்னவாம் பிள்ளை?"

அன்றும் தாதி 'குர்வன்' என்றுதான் சொல்லியிருந்தார். வளர்ச்சி அட்டையின் வளைகோட்டுக்கும் கூடைக்கும் இங்கே அந்த ஒரே சொல். எனக்குக் கூடை மட்டுந்தான் தெரியும்.

"தம்பி கூடைக்குப் பின்னாலை போறானாம்."

அம்மாவின் முகம் வெளிறியது. "எந்தக் கூடை?"

தாதி அட்டையை விரித்து, கோட்டோடு ஏறிப்போன தம்பியின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பேணியை அவர் கடைசிவரை திறக்கவில்லை.

இன்றைக்கும் அம்மாதான் கூட வந்திருந்தார். நான் மகளோடு கதவைத் திறந்து வெளியே வந்ததுமே எழுந்துவிட்டார்.

"என்னவாம் பிள்ளை?"

"கூடைக்குப் பின்னாலைதான் போறாளாம்."

அம்மா மீண்டும் கதிரையில் இருந்தார்.

"அப்ப பால் காணும்."