நாற்காலி வாங்கி அனுப்பிய மகள்

அயர்லாந்தில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் காலை பத்தரைக்குத் தேநீர். கூடத்தின் ஒரு கோடியில் மேசை, அதன்மேல் கோப்பைகளும் பிஸ்கட்டும். மறு கோடியில் கிழவர்கள். நடுவில் நீளமான தரை. நான் சேர்ந்த முதல் நாள், பேட்ரிக் என்ற எண்பத்தாறு வயதுக்காரர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அந்தத் தரையைக் கடக்கத் தொடங்கினார். நான் பதறி ஓடிப்போய் ஒரு கோப்பையைக் கையில் எடுத்தேன். மேற்பார்வை பார்க்கும் ப்ரீடா என் மணிக்கட்டைப் பிடித்து, "கையைப் பின்னால் கட்டிக்கொள். அவர் விழப்போனால் மட்டும் நீட்டு" என்றாள். பதினோரு நிமிடம் ஆனது. ஒரு வாய்த் தேநீருக்காக ஒரு கிழவர் பதினோரு நிமிடம் நடந்தார். சம்பளம் வாங்கும் நாங்கள் இரண்டு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தோம்.

அன்று மாலையே சித்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். நெஞ்சில் ஈரமில்லாத சனங்கள், பெற்றவனுக்கு ஒரு கோப்பை எடுத்துக் கொடுக்க ஆளில்லாத தேசம் என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன. நம் ஊரில் பெரியவர்களை இப்படி விடுவோமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய அம்மா புத்தூரில் மூன்று பூட்டு போட்ட வீட்டுக்குள் தனியாக இருக்கிறார் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும்தான்.

இரண்டு வாரம் கழித்து, ப்ரீடா விடுப்பில் போன அன்று, நம் பண்பாட்டை அயர்லாந்துக்குக் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். பேட்ரிக் எழுவதற்கு முன்பே கோப்பையை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "நான் சாகப்போகிறேனா? என்னிடம் யாரும் சொல்லவில்லையே" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த இல்லத்தில் இனி எழவே முடியாது என்று ஆனவர்களுக்குத்தான் தேநீர் இருக்கைக்கு வரும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் மரியாதை என்று நினைத்துக் கொடுத்ததை அவர் மரணச் செய்தியாக வாங்கிக்கொண்டார்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் நைனா, அதாவது அப்பா, கரெண்டு ஆபீசில் மீட்டர் ரீடராக இருந்தவர். சித்தூரின் பாதித் தெருக்கள் அவர் கால்பட்டவை. வெதுருகுப்பம் பக்கத்துக் கிராமங்களில் பஸ் போகாத இடத்துக்கும் நடந்தே போய் மீட்டர் பார்த்திருக்கிறார். எங்கள் கிறிஸ்தவச் சபையில் ஒருவர் புதிதாக வந்து கைகுலுக்கினால், அவருடைய பேரைக் கேட்பதற்கு முன் வீட்டு விலாசத்தைக் கேட்பார். கேட்டதும், "கதவுக்குப் பின்னாடி, கோழிக்கூண்டுக்கு மேல மீட்டர் இருந்துச்சே, அந்த ஊடா?" என்பார். தப்பியதே இல்லை. மனிதர்களை முகத்தை வைத்து நினைவு வைத்தவர் அல்ல. அவர்கள் வீட்டுக்கு நடந்த வழியை வைத்து நினைவு வைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால்தான் அவருக்குப் பசிக்கும்.

அம்மா இறந்ததும் அண்ணன் அவரைத் திருப்பதிக்கு அழைத்துக்கொண்டு போனான். அபார்ட்மெண்ட்டில் மூன்றாம் மாடி. பால்கனியில் நின்றால் அலிபிரிக்குப் போகும் சாலை தெரியும். அங்கேயிருந்துதான் மலைக்கு நடைபாதை தொடங்குகிறது. நைனாவைவிட மூத்த கிழவிகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்தபடி ஏறப் போவார்கள். அந்த மலைக்கும் வேதக்காரர்களான எங்களுக்கும் வழிபாட்டில் சம்பந்தமில்லை. ஆனால் முழங்காலுக்கு மதம் உண்டா என்ன? அந்தக் கிழவிகள் மலையேறிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் ஒரு மனிதரைத் தண்ணீர்ச் செம்பு எடுக்கக்கூட எழ விடவில்லை. "நான் எல்லாம் கைல எடுத்துக் குடுத்துக்கினு கீறேன், மாமா எதுக்கு எழுந்திரிக்கணும்?" என்று அண்ணி பெருமையாகச் சொல்வாள். சபைக்கும் போக வேண்டியதில்லை; போதகரே வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தத் திருப்பணியில் என் பங்கு சின்னதல்ல. பேட்ரிக்கைப் பார்த்த பிறகும் புத்தி வராமல், பட்டனை அழுத்தினால் சாய்ந்து, இன்னொரு பட்டனை அழுத்தினால் காலையும் தூக்கிவிடும் நாற்காலி ஒன்றை இங்கிருந்தே தேர்ந்தெடுத்து ஆர்டர் போட்டு அனுப்பினேன். நைனா அதில் கால்நீட்டிப் படுத்திருக்கும் படத்தைக் குழுவில் போட்டேன். கொடுத்து வைத்த மனுஷன் என்றார்கள். எனக்கு ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை. அவருக்கும் அதற்குப் பிறகு கால் பாவவில்லை.

ஒரு வருடத்தில் அவர் போனில் கேட்டதையே கேட்கத் தொடங்கினார். இரண்டாம் வருடம் எதையுமே கேட்கவில்லை. "வயசாச்சி இல்ல பாப்பா, அப்டித்தான்" என்றான் அண்ணன். எங்கள் இல்லத்துக்கு வாரம் இருமுறை வரும் பிசியோதெரபிப் பெண்ணிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் என் தந்தையின் நினைவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எவ்வளவு தூரம் நடக்கிறார்?" என்று கேட்டாள். கழிப்பறை வரைக்கும், அதுவும் பிடித்துக்கொண்டு என்றேன். நடை தளர்வதும் நினைவு தளர்வதும் பல முதியவர்களிடம் சேர்ந்தே வருகின்றன, எது எதை இழுக்கிறது என்று எல்லா நேரமும் பிரித்துச் சொல்ல முடியாது, நடந்தால் எல்லாம் திரும்பிவிடும் என்றும் வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். பிறகு, "ஆனால் நடக்கக்கூடியவரை உட்காரவைப்பது இரண்டுக்கும் கெடுதல்" என்றாள். எனக்கு அந்த நாற்காலியின் பட்டன்தான் கண்ணில் நின்றது.

மூன்று வார விடுப்பில் திருப்பதிக்குப் போனேன். நைனா என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் இருக்கும் வீடு எது என்று தெரியவில்லை. சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இந்த ஊட்ல மீட்டர் எங்க கீது பாப்பா?"

"அது எதுக்கு நைனா ஒனக்கு? பில்லு போன்லயே வந்துடுது. நீ பேசாம குந்து" என்றான் அண்ணன்.

இரண்டு வருடமாக ஒரு மீட்டர் ரீடர் தான் வாழும் வீட்டின் மீட்டரைப் பார்த்ததில்லை. மீட்டரைப் பார்க்காத வீடு அவருக்கு எப்படி வீடாகும்? மறுநாள் அவரை எழுப்பி நிறுத்தினேன். நாற்காலியிலிருந்து லிஃப்ட்டுக்குப் பதினெட்டு அடி. கீழே வண்டிகள் நிறுத்தும் தளத்தை அங்கே செல்லார் என்பார்கள். அதன் கடைசி மூலையில் மீட்டர் போர்டு. போய்ச் சேர அரை மணி நேரம். காவல்காரர் "மெல்லகா சார், மெல்லகா" என்று கூடவே வந்தார். நைனா வரிசையாக எல்லா மீட்டரையும் பார்த்து, வீட்டு எண்ணைத் தேடி, எங்கள் மீட்டரின் முன்னால் நிமிர்ந்து நின்றார். "ஃபோர் டூ ஒன் செவன்" என்று பழைய அதிகாரக் குரலில் வாசித்தார். எழுதிக்கொள்ள அட்டை எங்கே என்று சட்டைப்பையைத் தடவினார்.

திரும்பும்போது லிஃப்ட் வாசலில் இடறி, முழங்காலில் சிராய்ப்பு. போதாதா? அண்ணன் ஆடித் தீர்த்தான்.

"அங்க வெள்ளக்காரனுங்கள நட நடன்னு வெரட்டுற மாதிரி இங்கயும் பண்றியா? பெத்தவன கொடும பண்றாங்கன்னு நாலு பேரு சொல்ல மாட்டாங்க?"

அந்த நாலு பேரை நான் இதுவரை பார்த்ததில்லை. அவர்கள் ஒருநாளும் நைனாவைப் பார்க்க வந்ததில்லை. அவர்களுக்குப் பயந்துதான் நம் சாதிசனம் பெற்றோரை நாற்காலியில் பூட்டி வைக்கிறது. அதையும் சொல்லித் தொலைத்தேன். அண்ணி அழுதாள். அன்று யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, சாப்பிட்டு முடித்த தட்டு பக்கத்திலேயே கிடக்க, துன்னாச்சா என்று கேட்டால் இல்லை என்று சொல்கிற மனிதர் தானாகவே எழ முயன்றார். "மீட்டர் பாக்கணும்" என்றார். பிடித்துக் கூட்டிப் போனேன். போர்டின் முன்னால் நின்று கண்ணைச் சுருக்கினார்.

"ஃபோர் டூ டூ ஃபைவ். நேத்து ஒன் செவன். எட்டு யூனிட்டு ஓடிக்கீது. எவன் ஏசி போட்டுக்கினு தூங்குனது?"

நான் அந்தச் செல்லாரில் வாய்விட்டு அழுதேன். காவல்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஏசி போட்டுத் தூங்கியது அண்ணன்தான்.

அந்த மூன்று வாரமும் தினம் போனோம். அம்மா சபையிலிருந்து வந்துவிட்டாளா என்று அவர் கேட்பது நிற்கவில்லை. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் பதினெட்டு அடியை ஊன்றுகோலுடன் தனியாகக் கடந்தார். இருப்பது திருப்பதி என்று சொன்னார். கிளம்பும்போது அண்ணியிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்: தினம் மதியம் அவரைக் கீழே அழைத்துப் போங்கள், அவர் எனக்குப் போன் செய்து ரீடிங் சொல்லட்டும். அங்கே மூன்று மணி, இங்கே பத்தரை. சரி என்றாள்.

பேட்ரிக் தேநீருக்கு நடக்கும் நேரத்தில்தான் அந்தப் போன் வரும். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆடு வளர்த்தவர், எண்ணிக்கை என்றால் பிடிக்கும். நடுத் தரையில் நின்று, "உன் அப்பாவின் நம்பர் என்ன?" என்று கேட்பார். சொன்னதும், "அவர் முடித்துவிட்டார், நான் பின்தங்கிவிட்டேன்" என்று வாக்கரைத் தூக்கி முன்னால் வைப்பார்.

ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் போனுக்குப் பதிலாகப் படம் வந்தது. மீட்டரின் படம். கீழே அண்ணி எழுதியிருந்தாள்: வெயில் அதிகம், மாமாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே போய் எடுத்தேன். அடுத்த நாளும் படம். அதற்கடுத்த நாளும். அண்ணனை அழைத்தேன்.

"ஒனக்கு நம்பர் தான வேணும்? அதான் டெய்லி அனுப்பறமே" என்றான்.

"அந்த நாற்காலிய வித்துடுண்ணா."

"நீ ஆசையா வாங்கி அனுப்புனது, அத எப்டி விக்கறது? நைனா அதுல குந்தினு இருந்தாத்தான் ஊடே பாக்க நல்லா கீது."

வீடு பார்க்க நன்றாக இருக்கிறதாம். போனை நைனாவிடம் கொடுக்கச் சொன்னேன். மீட்டர் பார்த்தாயா என்று கேட்டேன். ஏதோ புது வீட்டுக்குள் நுழைந்தவர்போல மரியாதையாகக் கேட்டார்.

"இந்த ஊட்ல மீட்டர் எங்க கீது?"

இன்று காலையும் பத்தரைக்குப் படம் வந்தது. மீட்டரின் கண்ணாடியில் அண்ணியின் போன் தெரிகிறது, வளையல் தெரிகிறது. நைனா தெரியவில்லை. பேட்ரிக் நடுத் தரையில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உன் அப்பாவின் நம்பர் என்ன?"

"ஃபோர் சிக்ஸ் செவன் த்ரீ" என்றேன்.

"இன்றும் நடந்துவிட்டாரா! பலே ஆள்" என்றார் பேட்ரிக்.

ஆமாம் என்றேன். அவர் வாக்கரைத் தூக்கி முன்னால் வைத்து, தேநீரை நோக்கி நடந்தார். எனக்குக் கற்றுக்கொடுத்தபடி நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன். கட்டிய கைக்குள் போன் இருந்தது.