குச்சியில் எரிந்த விளக்கு

பழைய டிவியில் செருகினால் இணையத்திலிருந்து படம் வரும் என்று கள்ளக்குறிச்சியில் ஒரு குச்சி வாங்கினேன். செலவு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். என் செல்போன் ஹாட்ஸ்பாட்டில்தான் அது ஓடியது. காலையில் இருக்கும் டேட்டா சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோகும். மறுபடி பணம் போடுவேன்.

சந்தேகம் பக்கத்து வீட்டு செல்வி மேல் விழுந்தது. களையெடுத்துவிட்டு மதியம் நாடகம் பார்க்க வருவாள். கையில் எப்போதும் செல்போன். அதற்கும் என் ஹாட்ஸ்பாட்டையே இழுக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் நான் டிவியை நிறுத்தியதும், "அக்கா, அந்தக் குச்சில லைட்டு எரிஞ்சிக்கினே இருக்குது. சுச்ச அமுத்திடவா?" என்று கையை நீட்டினாள்.

"நீ ஒண்ணியும் தொடாத" என்றேன். இவளுக்கென்ன அதன்மேல் கண்?

அன்றே ஹாட்ஸ்பாட்டின் பாஸ்வேர்டை மாற்றினேன். அவள் வரும் நேரத்தில் கதவைச் சாத்தினேன். அப்படியும் டேட்டா தீர்ந்தது. புதியதையும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள் என்றே நம்பினேன். அவள் போனை எப்படித் தடுப்பது என்று கேட்கக் குச்சி விற்ற கடைக்காரரிடமே போனேன்.

"பாத்து முடிச்சதும் இன்னா பண்ணுவீங்க?" என்றார்.

"ரிமோட்ல டிவிய நிறுத்துவேன்."

"குச்சியோட சுச்சு?"

"அது போட்டபடியே இருக்கும்."

"டிவிதாங்க இருட்டாவுது. குச்சில படம் ஓடிக்கினேதான் இருக்கும். நெட்டும் போய்க்கினே இருக்கும்."

பஸ்ஸில் திரும்பும்போது செல்வி நீட்டிய கைதான் கண்ணில் நின்றது. நேரே அவள் வீட்டுக்குப் போய், "நாடகம் போடறேன், வா" என்றேன்.

"வேல இருக்குதுக்கா" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

இப்போது சுவிட்சை மறக்காமல் அணைக்கிறேன். டேட்டா மிஞ்சுகிறது. மதியத்தில் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.