மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும்

என் வீட்டுக்காரர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர். ஒரு இடத்தில் உட்காரமாட்டார். அவருக்குச் செருப்பு வாங்கி மாளாது.

வேலை, ஆறு கடலில் சேரும் இடத்துத் துறைமுகத்தில். சரக்கு ஏற்றும் கப்பலின் பக்கத்தில் வாளியை இறக்கித் தண்ணீர் எடுப்பார். அதில் கண்ணாடி மிதவையை விட்டு, தண்ணீர் எவ்வளவு கனம் என்று பார்ப்பார். உப்புத் தண்ணீர் கனமானது, கப்பலைத் தூக்கிப் பிடிக்கும். நல்ல தண்ணீரில் அதே கப்பல் கொஞ்சம் அமிழும். அதனால் துறைமுகத்தில் இருப்பது நல்ல தண்ணீர் என்று இவர் சொன்னால், இவ்வளவுதான் அமிழலாம் என்று கப்பலின் பக்கத்தில் போட்ட கோடு சற்று முழுகும்வரை ஏற்றுவார்கள். கடலுக்குப் போனதும் கோடு மேலே வந்துவிடும். வராவிட்டால் பாரம் அதிகம் என்று அர்த்தம். அப்புறம் காற்றும் அலையும் மனது வைத்தால்தான் உண்டு.

மழை ஓய்ந்த மறுநாள், வழக்கம்போல மேலாக ஒரு வாளி மொண்டார். மிதவை நன்றாக அமிழ்ந்தது. நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தக் கப்பலின் மேல்தளத்தில் என் தம்பிக்கு வேலை.

மத்தியானம் தட்டைத் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருந்தார். என்னவோ உறுத்துகிறதாம். கப்பலை நீங்களா தோளில் சுமக்கிறீர்கள், பேசாமல் சாப்பிடுங்கள் என்று எரிந்து விழுந்தேன். அந்நேரம் தம்பி போனில் கூப்பிட்டான், இவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். கிளம்பிவிட்டார்களாம்.

"அக்கா, ஒரு வேடிக்கை. மேல தண்ணி டீ மாதிரி இருக்கு. கப்பலோட விசிறி சுத்துனதும் பின்னாடி பச்சையா பொங்குது."

இவர் கை தட்டிலேயே நின்றது.

"பச்சைன்னா கடல் தண்ணி. மழைத் தண்ணி மேல ஏடு மாதிரிதான் கிடந்திருக்கு. நான் ஏட்டை மட்டும் மொண்டுட்டேன்."

அப்படியானால் தம்பி போகும் கப்பலில் பாரம் அதிகம். வெறுங்காலோடு துறைமுகத்துக்கு ஓடினார், பின்னாலேயே நானும். மூடிய புட்டியைக் கயிற்றில் கட்டி ஆழத்தில் இறக்கி, அங்கே மூடியை இழுத்துத் திறந்து தண்ணீர் எடுத்தார். அந்தத் தண்ணீரில் மிதவை தலை நிமிர்ந்து நின்றது. அத்தனையும் உப்பு.

மேலதிகாரி அவரைத் தனியே இழுத்துப் போனார். கடல் அமைதியாகத்தானே இருக்கிறது, வாயைத் திறந்தால் வேலைக்கு உலை, யோசித்துக்கொள் என்றார். இவர் யோசிக்கவே இல்லை. வயர்லெஸ்ஸை எடுத்து, தப்பு தன்னுடையது, திரும்பி வாருங்கள் என்று கேப்டனிடம் சொல்லிவிட்டார். அங்கேயே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

வீட்டில் அவர் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தார். அன்று நானும் நடந்தேன். காற்று வேறு ஏறிக்கொண்டே வந்தது. கப்பல் துறைமுகத்துக்குள் வந்து, அதிகச் சரக்கை இறக்குகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் தம்பி வந்து நின்றான். பாதி வழியில் திருப்பிய கோபத்தில் மாமாவைப் பிடித்துக் கத்தப் போகிறான் என்று நினைத்தேன். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, கடலுக்குப் போனதும் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தேன். கோடு மேல வரவே இல்ல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இவர் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே கண்ணால் செருப்பைத் தேடினார். கப்பல் மறுபடி கிளம்புவதற்குள் அடித் தண்ணீரை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். உங்களைத்தான் நிறுத்திவிட்டார்களே, யார் கேட்டார்கள் என்று வாய்வரை வந்தது. செருப்பை நானே எடுத்து வாசலில் வைத்தேன்.